பயம் சார் எழுதும் முதல் வரி

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் பயம் சாருக்குப் பயப்படாத அதிகாரி ஒருவர்கூடக் கிடையாது. அவரோ, எலியைப் பார்த்தாலே பெஞ்சுமேல் ஏறி நிற்கிற ஆள்.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருவார். மற்றவர்கள் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். இவர், "எதுக்குப் பயப்படுறீங்க?" என்பார். என்ன பதில் வருகிறதோ அதுதான் மனுவின் முதல் வரி. அதைப் படித்த அதிகாரிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர், நிலத்தை அளக்கச் சொல்லி மனு எழுத வந்தார். மீசையை நீவியபடி, "நான் எவனுக்கும் பயப்பட மாட்டேங்க" என்றார்.

"அப்ப மனு எதுக்கு? நேரா போயி கேட்டுட்டு வாங்க."

மீசை இறங்கிவிட்டது. "தம்பிக்காரன் வயல் வரப்ப வெட்டிக்கிட்டே வரான். கேட்டா அடிச்சிப்புடுவானோன்னு..."

"இப்ப சொன்னீங்களே, இதான் மனு."

தெருவிளக்கு கேட்டு வந்த ஓர் அம்மாவின் மனு, 'எங்கள் தெரு நாய்க்கு என்னைப் பிடிக்காது' என்று ஆரம்பித்தது. விளக்கு வந்துவிட்டது. நாய்க்கு இப்போது அவரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். எங்கள் ஊரில் அந்தத் தொழிலுக்கு, "சும்மா வூட்டுலதான் இருக்காரு" என்று பெயர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்து வைத்து என் வீட்டுச் சுவர் விரிசல் விட்டபோது, எழுத்தாளன் அடுத்தவரிடம் போவதா என்று நானே மனு எழுதினேன். நான்கு பக்கம். இயற்கை வளம், வருங்காலத் தலைமுறை, நீதி எல்லாம் இருந்தன. பதில்தான் வரவில்லை. விரிசல் விரல் நுழையும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுப் பயம் சாரிடம் போனேன். நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாருக்கு சார். இதுல உங்க வூடு எங்க இருக்கு?"

கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்.

"எதுக்குப் பயப்படுறீங்க?"

"செவுரு இடிஞ்சிடுமோன்னு."

"இடிஞ்சா கட்டிக்கலாம். எதுக்குப் பயப்படுறீங்க?"

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் சொன்னேன். "மதியம் வெடி வைக்கிற நேரம், எம் பொண்ணு தூங்குற நேரம் சார். ஒன்றரை வயசு. இருக்கறது ஒரே ரூம். வெடிக்கு முன்னாடி சங்கு ஊதுனா நான் செவுத்தப் பாக்கறதில்ல, அவளத்தான் பாக்கறேன்."

அப்படியே எழுதினார். அரைப் பக்கம்தான். எனக்கோ கையெழுத்துப் போடக் கை வரவில்லை. தெருவில் பாதிப் பேருக்குச் சுரங்கத்தில்தான் வேலை. நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டேன்.

"அதுக்கும் பயமா? எடம் இருக்கு, ரெண்டாவது வரியா சேத்துடுறேன்" என்று சேர்த்தும் விட்டார். நான் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன்தான். இரண்டு திங்கட்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், அவரே வீடு தேடி வந்துவிட்டார். விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. வெடித்தது. அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கின, விரிசலிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. நான் வழக்கம்போல் மகளைப் பார்த்தேன். அவள் தெரியவில்லை. கையிரண்டையும் ஊன்றி, அவளுக்குமேல் கூரைபோலக் குனிந்திருந்தார் பயம் சார். கண்களை இறுக மூடியிருந்தார். முதுகெல்லாம் சுண்ணாம்பு.

"சார், முடிஞ்சிடுச்சு."

"நெசமாவா? இன்னொன்னு வெடிக்குமா?"

"இன்னிக்கு இவ்ளோதான்."

மெல்ல நிமிர்ந்தார். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. மனுவைக் கேட்டு வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டார். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர், எந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். மேல உங்களுக்கு எடம் விட்டிருக்கேன்."

போட்டேன். திங்கட்கிழமை இருவருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. சங்கு ஊதினால் இன்றும் நான் மகளைத்தான் பார்க்கிறேன்.

இத்தனை வருஷமாகத் தெரிந்தும், அவருடைய பெயரை அந்தக் கையெழுத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன். என் பெயருக்குக் கீழே, கோணல்மாணலாக, எவ்வளவு நன்றாக இருந்தது.