கரடி வீட்டு ஸ்பீக்கருக்குச் சாரையப்பர் தந்த சான்றிதழ்

ஒரு காட்டில், அதுவும் நாலு தூறல் விழுந்தாலே கரண்டு போய்விடும் காட்டில், குப்பாண்டி என்றொரு கரடி இருந்தது. நல்ல கரடிதான். ஆசை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நரி ஏகாம்பரத்தின் கடைக்கு டார்ச் லைட் வாங்கப் போன குப்பாண்டி, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. "இதுல பாட்டுக் கேட்டா, பாடுறவர் மூச்சு விடுறதுகூடக் கேக்கும்" என்று நரி சொல்லியிருந்தது. அவர் மூச்சைக் கேட்டு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று இந்த மடக் கரடிக்குத் தோன்றவே இல்லை. விலையாக, ஐந்து தேன்கூடு தொங்கும் வேங்கை மரத்தையே எழுதிக் கொடுத்துவிட்டது.

பெண்டாட்டிக் கரடி செல்லாத்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்யா, உனக்குக் கிறுக்கா? மழைக்காலம் வருது. மூணு குட்டியும் பசின்னு வந்தா இந்தப் பெட்டியையா நக்கச் சொல்லுவே?"

"பத்து நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்டி. மரம் திரும்பி வந்துடும்."

கொடுக்கலாம்தான். ஆனால் அதற்கென்று நரி பெட்டியோடு ஒரு படிவம் கொடுத்திருந்தது. பெட்டியில் என்ன குறை என்று ஒரு நிபுணர் எழுதி, கையெழுத்தும் போட வேண்டும். செல்லாத்தா படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டு வழக்கப்படி ஸ்பீக்கருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தூசி படாமல் பழைய சேலையில் தரைவரை உறையும் தைத்துப் போட்டாள். வயிறு எரிந்தாலும் புதுச் சாமானுக்கு உறை போடாமல் இருக்க முடியுமா?

விலைக்குத் தகுமா, தகாதா? குப்பாண்டிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டது. "அடடா, அடிவயித்துல போய் இறங்குதே!" என்றது கழுதை. அது காலையிலிருந்து பட்டினி. கழுதை சொல்லை வைத்து முடிவு செய்ய முடியுமா என்று, பத்தாம் நாள் காலையில் செவிச்செல்வர் சாரையப்பரை அழைத்துவந்தார்கள்.

சாரையப்பர் ஒரு சாரைப்பாம்பு. பாம்புச் செவி, பாம்புச் செவி என்று காடே சொல்லிச் சொல்லி அவரை நிபுணராக்கிவிட்டது. அவர் தலையில் காது எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் தேடிப் பார்க்கவில்லை. அவராகவும் சொல்லிக்கொள்ளவில்லை, பிழைப்பு ஆயிற்றே! தாடையைத் தரையில் வைத்து, அதிர்வை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

கேளுங்கள் கூத்தை. வந்த பெரியவரைத் தரையிலா படுக்க வைப்பது என்று குப்பாண்டி இலவம்பஞ்சு மெத்தை போட்டுவிட்டது. வந்த அதிர்வையெல்லாம் மெத்தை விழுங்கிவிட்டது. பாட்டு ஓடியது. அரை நிமிடத்தில் வெளியே தூறல் விழுந்தது. குகை பல்பு அணைந்தது, பாட்டும் நின்றது. சாரையப்பர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆகா! பாடுறவர் இடப்பக்கம் மூணடி தள்ளி நிக்கிறார். மிருதங்கக்காரருக்கு லேசா ஜலதோஷம்."

"ஐயா," என்றாள் செல்லாத்தா, "கரண்டு போயிடுச்சுங்களே!"

அவள் பல்பைக் காட்டியதும் சாரையப்பருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பாம்புக்கு இமை கிடையாது, அது ஒரு வசதி.

"அதைத்தானம்மா ரசிக்கிறேன். மட்டமான பெட்டியா இருந்தா, நின்ன பிறகும் ஒரு இரைச்சல் இருக்கும். இந்த அமைதியைக் கேளுங்க. சுவிட்சைப் போட்டா சத்தம் வந்து இதைக் கெடுத்துடும்."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கழுதை கண்ணைத் துடைத்துக்கொண்டது. குப்பாண்டி விம்மியே விட்டது.

"குடுத்த மரம் தகும்டி, செல்லாத்தா!"

செல்லாத்தா திட்ட வாயெடுத்தாள். சட்டென்று அடங்கினாள். இடுப்பிலிருந்த படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, இப்பச் சொன்னதை அப்படியே இதுல எழுதிக் குடுங்க. பத்திரமா வெச்சுக்கிறோம்."

புகழ் என்றால் சாரையப்பர் படிவத்தின் தலைப்பையா படிக்கப் போகிறார்? வாலில் பேனாவைச் சுற்றிக்கொண்டு அழகாக எழுதினார். "இப்பெட்டியிலிருந்து துளிச் சத்தமும் வரவில்லை என்பதை நானே முழுமையாகக் கேட்டு உறுதி செய்கிறேன்." கையெழுத்தும் போட்டார்.

அன்று மத்தியானம் குப்பாண்டி அசந்து தூங்கும்போது, செல்லாத்தா ஸ்பீக்கர் இரண்டையும் வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். நரி படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது.

"என்னக்கா இது, சத்தமே வரலையா?"

"நிபுணர் கையெழுத்து இருக்கு. வேணும்னா அவர்கிட்டயே போய்க் கேளு."

நரியின் கடைச் சுவர் முழுக்கச் சாரையப்பர் தந்த பாராட்டுதான் தொங்கியது. அவர் காதை எப்படிச் சந்தேகப்படும்? வேங்கை மரத்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தது.

வீட்டில் அந்தச் சேலை உறைக்குள் செல்லாத்தா விறகுக்கட்டு இரண்டை நிறுத்திவைத்தாள்.

மழைக்காலம் வந்தது. குட்டிகள் மூன்றும் கொழுகொழுவென்று வளர்ந்தன. குப்பாண்டி தினமும் சாயங்காலம் மெத்தையில் உட்கார்ந்து, சுவிட்சைப் போடாமல், விறகுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"வர வர எப்படித் தெளிஞ்சிருக்கு பாத்தியா? இதுக்கு இன்னொரு மரம்கூடக் குடுக்கலாம்டி!" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்திலிருந்த தேனை வழித்து நக்கியது. அந்தத் தேன் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று அது கடைசிவரை கேட்கவில்லை.

நீதி: விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்குகிறவருக்கு நல்ல காது தேவையில்லை. உறை தைக்கத் தெரிந்த பெண்டாட்டி இருந்தால் போதும்.