மேஜரின் நாலாவது காலுறை

கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்குத் தெருவில் நடக்கிறவனை எங்கள் ஊர் நம்பாது. காஞ்சிபுரத்தில் அது கோயில் நடை சாத்தி, கடைப் பலகை பாதி சாத்தி, தறிச் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் நேரம். அப்போது வெளியே வருகிறவன் ஒன்று சாவுச் செய்தி சொல்ல வந்தவன், இல்லையென்றால் எதையோ மறைக்கிறவன். அவன் கையில் ஒரு சங்கிலியும், சங்கிலியின் மறுமுனையில் ஒரு நாயும், அந்த நாயின் நாலு காலிலும் சிவப்புத் துணிப் பையும் இருந்துவிட்டால், அவன் எந்த வகை என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது.

அப்படி நடந்தவன் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். பக்கத்துக் கிராமமான மாகறலில் எங்கள் நைனா ஏர் ஓட்டினார். அவருக்கு முந்தியவர்களும் அதையேதான் ஓட்டினார்கள். நான் மட்டும் பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் தேறி, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக குமாஸ்தா ஆனேன். ‘தற்காலிக’ என்பதை ஊரில் சொல்லவில்லை. நைனா அதற்குள் எல்லாரிடமும் “என் புள்ள சர்க்கார் உத்தியோகம்” என்று சொல்லி முடித்திருந்தார். (சங்கம் வேறு, சர்க்கார் வேறு என்று அவருக்கு விளக்குவதற்கு இன்னொரு பி.யூ.சி. படித்திருக்க வேண்டும்.) கோடை முடிவதற்குள் என்னை நிரந்தரம் ஆக்க வேண்டும். ஆக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரைப் பிடிக்க வேண்டியதுதான். இரண்டில் எது என்பது முழுக்க எங்கள் செக்ரட்டரியின் மனசில் இருந்தது.

செக்ரட்டரி மெட்ராஸ்காரர். மாற்றலாகி வந்து, நெசவாளர்கள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். வரும்போது மேஜரையும் கொண்டுவந்தார். மேஜர் ஓர் ஆல்சேஷன் நாய். ஊருக்குத் தெரிந்த நாய்கள் அப்போது இரண்டே வகை: தெரு நாய், போலீஸ் நாய். மேஜர் தெரு நாய் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அந்த வருஷக் கோடையில் செக்ரட்டரி மனைவியோடு ஊட்டிக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

“மாணிக்கம், திரும்பி வர்ற வரைக்கும் மேஜரைப் பார்த்துக்கோ. வந்ததும் உன் விஷயத்தை முடிச்சிடறேன்.”

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் மூச்சு விடவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருடைய மனைவி மட்டும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: மேஜர் ஒழுங்காக வளர்த்த நாய், வீட்டு எல்லைக்குள் அசிங்கம் பண்ணாது, தினமும் வாக்கிங் கூட்டிப் போக வேண்டும். நாய்க்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாகறலில் நாய் தானாகப் போகும், தானாக வரும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாது.

மேலதிகாரி வீட்டு நாயை ‘வா, போ’ என்று கூப்பிட எனக்கு நா எழவில்லை. “வாங்க மேஜர்” என்றேன். மேஜரும் அதை எதிர்பார்த்தது போலவே எழுந்து வந்தது.

முதல் நாள் விடியற்காலையில் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் திறந்தால், தெருவே இல்லை. தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. நெய்வதற்கு முன் நீளவாட்டு இழைகளை அப்படித்தான் தெருவில் விரித்துக் கட்டி, சிக்கெடுத்து, சரிபார்த்துச் சுருட்டுவார்கள். வெயில் ஏறும்வரை தெரு அவர்களுடையது, மாடுகூட அதைத் தெரிந்து சுற்றிப் போகும். மேஜர் அந்த இழைகளைப் பார்த்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. பந்து போல எதையோ பார்த்துவிட்ட சந்தோஷம் அதன் முகத்தில் வந்தது.

எதிர் வீட்டு ராஜம்மா பாவின் மறுமுனையில் நின்றிருந்தார். தெருவில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்பதுவரை அறிந்தவர்.

“ஏம்பா, பாவு போட்டிருக்குது, கண்ணு தெரியல? இன்னாத்த இழுத்துக்கினு வர?”

“நாய்ங்க. வாக்கிங்.”

“அப்படின்னா?”

“நடக்கறதுங்க.”

“அதுக்கு நடக்கத் தெரியாதா? நீ கத்துக் குடுக்கறியா?”

மேஜர் ஒரு தாவு தாவினால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போய்விடும். உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். ஆக, விடிகாலை கிடையாது. பாவு சுருட்டி முடியும்போது எனக்கு ஆபீஸ் நேரம். சாயங்காலம் டைப்ரைட்டிங் ஹையர் வகுப்பு. (நிரந்தரம் ஆக ஹையரும் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.) மிச்சம் இருந்தது சாப்பாட்டு இடைவேளை. அதாவது பகல் ஒரு மணி.

ராஜவீதியில் தார் இளகிக் கிடந்தது. மேஜர் ஒரு காலைத் தூக்கியது, அதை வைத்து இன்னொன்றைத் தூக்கியது, பிறகு எதை வைப்பது எதைத் தூக்குவது என்று தெரியாமல் கோயில் குதிரை வாகனம் போல ஆடத் தொடங்கியது. நாக்கு முழங்கால்வரை தொங்கியது. சாத்தியிருந்த கதவுகள் விரல் அகலத்துக்குத் திறந்தன. ஒரு கதவிடுக்கு, “வெறி நாயா இருக்கும்பா” என்றது. இன்னொன்று, “இல்ல, போலீசு நாயி. மோப்பம் புடிச்சிக்கினு வருது” என்றது. அடுத்த வீட்டில் அவசரமாக எதையோ உள்ளே எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் ராஜம்மா கதவை முழுசாகவே திறந்தார்.

“நல்லா இருக்குது நியாயம். நீ செருப்பு போட்டுக்கினு ஜோரா போற, வாயில்லாத ஜீவன் வெறுங்கால்ல வருது. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?”

எனக்குச் சுரீரென்றது. படித்தவன் அல்லவா, குறையைச் சொன்னால் உடனே நிவர்த்தி செய்ய வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அன்று இரவே ஊசி நூல் எடுத்தேன். துணிக்கு வேறெங்கும் போகவில்லை. எங்கள் சங்கத்துக்கு ஜரிகை வரும் பொட்டலங்களைச் சுற்றி ஒரு கெட்டியான சிவப்புத் துணி வரும். பிரித்தபின் அது குப்பைக்குத்தான் போகும். வாட்ச்மேனிடம் கேட்டேன், “எத்தினி வேணுமோ எடுத்துக்கப்பா” என்றார். நாலு பை தைத்து, ஒவ்வொன்றிலும் நாடா கோத்து, மறுநாள் மேஜருக்கு மாட்டினேன். புது ஷூ போட்ட தாசில்தார் போல நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் தெருவில் ஒரு பேச்சு இருந்தது: சங்கத்தில் கொடுக்கிற ஜரிகை எடை குறைகிறது, உள்ளே யாரோ கை வைக்கிறான். பேச்சு என் காதுக்கும் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்டோர்க்காரரைச் சந்தேகப்பட்டேன், பியூனைச் சந்தேகப்பட்டேன், இலவசமாகத் துணி கொடுத்த வாட்ச்மேனை மிகவும் சந்தேகப்பட்டேன். தெரு யாரைச் சந்தேகப்படுகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தெருவின் கணக்கு இதுதான். ஜரிகைச் சங்கத்து குமாஸ்தா. ஆள் நடமாட்டம் இல்லாத வேளை. யாரும் கிட்டே வராதபடி ஒரு பயங்கர நாய். அதன் காலில் ஜரிகை கட்டி வரும் அதே சிவப்புத் துணியில் நாலு பை. சரி, எங்கே போகிறான்? அதுதான் மோசம். போகிற வழியில், ராஜவீதியில், பழைய பட்டுப் புடவைகளை வாங்கி, ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிற கடை ஒன்று இருந்தது. அந்தக் கடை வாசலில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல். அந்த வீதியிலேயே உருப்படியான நிழல் அது ஒன்றுதான். மேஜர் தினமும் நேராக அங்கே போய்ப் படுத்துவிடும். கடைக்காரர் நல்ல மனுஷர், ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைப்பார். நானும் “ரொம்ப உபகாரம்” என்று கும்பிடுவேன். அந்தக் கும்பிடு எத்தனை கதவிடுக்குகளில் எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

நாலைந்து நாள் பொறுத்தார்கள். அடுத்த நாள் பந்தலில் மேஜர் படுத்ததும் கதவுகள் ஒன்றாகத் திறந்தன. பகல் ஒரு மணிக்கு அத்தனை பேரை அந்த வீதியில் நான் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. முன்னால் ராஜம்மா, பக்கத்தில் ஓர் ஏட்டு. தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“அவுத்துப் போடுப்பா அந்தப் பைங்கள” என்றார் ராஜம்மா.

“எதுக்குங்க? நீங்க சொல்லித்தானே தச்சேன்.”

“பாத்தீங்களா ஏட்டையா? என்னையும் கூட்டாளி ஆக்கறான்.”

“ஏம்பா, உள்ள இன்னா வெச்சிருக்க?” என்றார் ஏட்டு.

“கால்ங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. என்னையே அவிழ்க்கச் சொன்னார். “காலைக் குடுங்க மேஜர்” என்றேன். ஒரு பை அவிழ்ந்தது, உள்ளே ரோமம். இன்னொரு பை, ரோமம். மூன்றாவது பையை ஏட்டு உட்பக்கம் வெளியாகத் திருப்பி உதறினார். கொஞ்சம் மண் கொட்டியது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நாலாவது காலைத் தேடினேன்.

நாலாவது காலில் பை இல்லை. வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. காத்திருந்தது கிடைத்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது.

“அதுலதான் சரக்கு” என்றது ஒரு குரல்.

“நாய் முழுங்கியிருக்கும்பா. பழக்கி வெச்சிருக்கான்.”

“அப்ப வெளிய வர வரைக்கும் பாக்கணும்.”

எல்லாரும் மேஜரின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். ஒழுங்காக வளர்த்த நாய் அல்லவா, அத்தனை பேர் பார்க்கும்போது அது அசையவே இல்லை. ஏட்டு கடைக்காரரை நோக்கி, “நீ எங்கியும் போவாத” என்றார். கடைக்காரர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னை முறைத்தார். என் மனக்கண்ணில் ஏர் தெரிந்தது, மாடு தெரிந்தது, மாட்டின் முகம்கூடத் தெரிந்தது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குரல்.

“இன்னாமா கூட்டம்? பாம்பாட்டியா?”

திரும்பிப் பார்த்தேன். தோளில் ஒரு கோணிப்பை நிறையக் கத்திரிக்காய். “பெரிய ஐயாவுக்குக் குடுக்கலாம்னு” செக்ரட்டரிக்காக மாகறலிலிருந்து பஸ் ஏறி வந்த எங்கள் நைனா. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கையில், மடியிலிருந்து ஒரு பையை எடுத்து, அதிலிருந்து ஒரு பாக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

சிவப்புப் பை. நாடாவோடு.

“ஏட்டையா, அந்தாளு கையில” என்று ராஜம்மா சொல்வதற்குள் நாலு பேர் நைனாவைப் பிடித்துவிட்டார்கள். கத்திரிக்காய் வீதியெல்லாம் உருண்டது.

“ரோட்ல கெடந்துச்சுங்க” என்றார் நைனா. “நல்ல துணியா இருக்குதேன்னு எடுத்தேன். பாக்கு போட்டு வெச்சேன். உங்குளுதா?”

ஏட்டு பையைக் கவிழ்த்தார். ஐந்தாறு கொட்டைப் பாக்கு விழுந்தது. ஒன்றைக் கடித்தும் பார்த்தார். (சோதனைக்கா, ஆசைக்கா என்று இன்றுவரை தெரியாது.)

“யாருய்யா இந்தாளு?”

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா என்னைப் பார்த்துவிட்டார். “அடே மாணிக்கம், நீ இன்னாடா இங்க? இது இன்னா, ஓநாயா?”

“எங்க நைனாங்க” என்றேன்.

“அப்பனும் புள்ளையும் கூட்டு” என்று ஒருவர் தொடங்கினார். ஆனால் ராஜம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் நைனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா வெறுங்காலோடு தாரில் நின்றார். ஒரு காலைத் தூக்கினார், அதை வைத்து இன்னொன்றைத் தூக்கினார். முதல் நாள் மேஜர் ஆடிய அதே ஆட்டம்.

ராஜம்மா மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எல்லாருக்கும் கேட்டது.

“ஏம்பா, நாய்க்கு ராவெல்லாம் முழிச்சித் தச்சியே. பெத்தவன் கால என்னிக்கினா பாத்தியா?”

“அது ஆபீசர் நாய்மா” என்று நைனா அவசரமாக எனக்காகப் பரிந்து வந்தார். “நம்ம காலுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.”

அதோடு முடிந்தது. ஜரிகை திருடியிருந்தால்கூட அந்தக் கூட்டம் என்னை அப்படிப் பார்த்திருக்காது. ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். “ஜரிகை கேஸ் இல்லம்மா இது” என்றார். “ஆனா இவன எதுலயாவது புடிச்சி உள்ள போடணும்னு எனக்கே தோணுது.”

நான் என் செருப்பைக் கழற்றி நைனாவுக்குப் போட்டேன். அது அவருக்குப் பத்தவில்லை, குதிகால் வெளியே நின்றது. மேஜரின் காலில் பையை மாட்ட ஏட்டு மூன்றைத்தான் கொடுத்தார். நாலாவதை நைனா தரவில்லை. “கீழ கெடந்தத எடுத்தவனுக்குத்தான்” என்றார். மூன்று பேரும் வீடு திரும்பினோம். நைனா தேய்த்துத் தேய்த்து, மேஜர் நொண்டி நொண்டி, நான் குதித்துக் குதித்து. கதவிடுக்குகள் எல்லாம் அகலத் திறந்திருந்தன.

செக்ரட்டரி திரும்பி வந்ததும் கதை என்னை முந்திக்கொண்டு அவரிடம் போயிற்று. கூப்பிட்டு விசாரித்தார். நான் மாகறல் பஸ் நேரத்தைக்கூடக் கேட்டு வைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. மேஜர், காலில் பை மாட்டாமல் வாசற்படி இறங்க மறுத்துவிட்டது. அவர் மனைவி தைத்துக் கொடுத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டதாம். “இவனை அனுப்பிட்டா யார் தைக்கிறது?” என்று அந்த அம்மாள் கேட்டதாகக் கேள்வி. என்னை நிரந்தரம் ஆக்கியது பி.யூ.சி.யும் இல்லை, ஹையரும் இல்லை.

ஜரிகை எடை குறைந்ததற்குக் காரணம் தராசு என்று பின்னால் தெரிந்தது. தராசை மாற்றினார்கள். தெரு என்னைப் பற்றிய நினைப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் ஜரிகை அறைச் சாவியை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. கேட்டால், “உனக்கெதுக்குப்பா அந்தத் தொல்லை” என்பார்கள். அந்தக் கரிசனத்தை நான் நம்புவதில்லை.

அடுத்த சம்பளத்தில் நைனாவுக்குச் செருப்பு வாங்கினேன். போட்டுக்கொண்டு மாகறல் முழுக்க நடந்தார். சிவப்புப் பையை மட்டும் விடவில்லை, இன்னும் அதில்தான் பாக்கு. எனக்குக் கல்யாணம் ஆகி, பையன் பிறந்து, இப்போது அவரும் எங்களோடுதான் இருக்கிறார். நான் வீட்டுக்கு எது வாங்கிக்கொண்டு வந்தாலும், மனைவிக்குப் புடவையோ பையனுக்குச் சட்டையோ, பொட்டலத்தை முதலில் அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு மடியிலிருந்து அந்தப் பையை எடுத்து, நாடாவை நிதானமாக அவிழ்த்து, ஒரு பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தபடி கேட்பார்:

“நாய்க்கு மொதல்ல எடுத்துட்டியாப்பா?”