பெயரில்லாத வாள்

தொண்ணூறுகளில் டெக்ஸாஸின் பிளானோவில் வாழ்ந்த தமிழர்கள் இரண்டே வகை: வாள் சாரிடம் மாட்டியவர்கள், மாட்டப் போகிறவர்கள்.

வாரநாட்களில் அவர் கம்ப்யூட்டர் புரோகிராமர். சனிக்கிழமையானால் ஊருக்கு வெளியே ஒரு கொல்லர் பட்டறை. இரண்டு வருஷம் அடித்து, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய பாணியில் ஒரு வாள் செய்திருந்தார். விருந்தில் நாம் தட்டோடு உட்கார்ந்தால் போதும், வாளோடு வந்துவிடுவார்.

"இரும்புக் கம்பிங்கள ஜடை மாதிரி முறுக்கி, காய்ச்சி அடிக்கணும் சார். அப்பத்தான் நடுவுல பாம்புச் சட்டை டிசைன் வரும். ஆனா உயிர் எங்க இருக்கு தெரியுமா? பிடிக்குக் கீழ இருக்கே, இந்தக் குமிழ்ல. இந்த வெயிட் இல்லேன்னா வாள் கைல நிக்காது. அந்தக் காலத்துல வாளுக்குப் பேரே வெப்பாங்க. அப்பாகிட்டேருந்து பையனுக்குப் பேரோட போகும்."

"உங்க வாளுக்கு என்ன பேர்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"அது ஏதாவது செய்யட்டும் சார். அப்புறம் வெக்கறேன்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வாள் ஒரு வெண்டைக்காய்கூட நறுக்கியதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் எல்லாக் கார்களும் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. வாள் சார் தன் கார் பானெட்டில் வாளைக் கிடத்தி மாலை போட்டார். நான் சாவிக்குச் சந்தனம் வைத்து, டாஷ்போர்டில் சாமி படத்தின் முன் வைத்தேன். பின் சீட்டில் என் இரண்டு வயது மகள் நித்யா, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க இறங்கினேன். பழக்க தோஷம், லாக் பட்டனை அழுத்திவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

"ஸ்பேர் கீ எங்க?" என்று மனைவி அலறினாள்.

"அதையும் பூஜைல வெச்சுட்டேன்."

டெக்ஸாஸ் வெயிலுக்கு அக்டோபர் என்றெல்லாம் இரக்கம் கிடையாது. உள்ளே குழந்தை முகம் சிவந்து, வியர்த்து அழுதாள். அவசர உதவிக்கு 911-க்கு போன் போட்டாயிற்று. ஒருவர் பூட்டை நெம்ப ஹேங்கர் கம்பியை வளைத்தார். இன்னொருவர் தேங்காயால் கண்ணாடியை அடித்தார். தேங்காய் உடைந்தது.

"தள்ளுங்க எல்லாரும்!"

வாள் சார் மாலையைப் பிய்த்து எறிந்தார். பிடியைப் பற்றி, குமிழால் முன் சீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரே குத்து. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

நித்யா வெளியே வந்து, தண்ணீர் குடித்து, "பொரி வேணும்" என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அதற்குள் வந்துசேர்ந்த தீயணைப்பு வண்டிக்காரர் குழந்தையைப் பரிசோதித்தார். வாளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

குமிழில் ஒரு கீறல் விழுந்திருந்தது. "நான் சரி பண்ணித் தரேன் சார்" என்றேன்.

"அதத் தொடாதீங்க" என்றார். "குழந்தை பேர் நித்யா தானே?"

அடுத்த வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். பிடியருகே 'நித்யா' என்று தமிழில் செதுக்கியிருந்தார். அன்று குமிழைப் பற்றி மட்டும் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.