மாம்பழங்களுக்குக் காலுறை

“சோப்பு நுரை வேணாம்னு நேத்தே தலையில அடிச்சுக்கிட்டேன்.”

“பனின்னா உருகத்தான் செய்யும்.”

“ஒன்பது நிமிஷத்துலயா?”

எவாரிஸ்தோ, பனியாகச் சோப்பு நுரை பூசியிருந்த எலுமிச்சை மரத்தை அண்ணாந்து பார்த்தார். மெக்சிகோவின் மெரிடா நகரத்து ஏப்ரல் வெயில் அவருடைய குளிர்காலத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எலுமிச்சை மரத்தைப் பச்சைப்பசேலென்று திருப்பிக் கொடுத்திருந்தது. மீசையில் மட்டும் கொஞ்சம் நுரை மிச்சமிருந்தது.

அவர் நகரத்து நாடக அரங்கில் நாற்பது வருடம் மேடை அமைத்தவர். எதிரே சுத்தியலோடு நின்ற போன்சியானோ, அதே மேடைகளுக்கு ஆணி அடித்தவர். சண்டை போட்டுக்கொண்டேதான் இருவரும் ஓய்வு பெற்றார்கள்.

“இன்னைக்குச் செவ்வாய்தானே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு,” என்றார் எவாரிஸ்தோ.

“பனிக்கு நேரம் இருக்கு. உனக்கு மூளைதான் இல்ல.”

எவாரிஸ்தோ தெருப்பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி தெல்ஃபீனா இடுப்பெலும்பு முறிந்து, அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எழுந்து நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளோ சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கொண்டுபோன தட்டு அப்படியே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மயக்கத்தில் ஒரே ஒரு ஆசை சொன்னாள்: “உன் பனியை இன்னொரு தடவை பாக்கணும், எவாரிஸ்தோ.”

எந்தப் பனி என்று அவர் கேட்கத் தேவையில்லை. அவர் மேடை அமைத்த ஒரு பழைய நாடகத்தின் கடைசிக் காட்சி, பனி மூடிய ஒரு தோட்டம். நாடகம் ஓடிய எண்பது இரவுகளும் வேறு யாரையும் நம்பாமல் அவரே ஏணியில் ஏறி, மூட்டையிலிருந்து காகிதப் பனியைக் கொட்டினார். நடிகைகளுக்கு உடை மாற்றிவிடும் தெல்ஃபீனா, வாயில் ஊக்குகளோடும் கையில் யாருடையதோ ஒரு கோட்டோடும் ஓரத்திரைக்குப் பின்னால் நிற்பாள்.

“பாவம்டா. அரங்குல வேலை பாத்த முப்பத்தொரு வருஷமும் காட்சித் தட்டியோட முதுகைத்தான் பாத்தா. ஒரு நாடகத்தையாவது முன்னால உக்காந்து பாத்திருப்பாளா? இந்தத் தடவை அவளுக்குத்தான் முதல் வரிசை,” என்றார் எவாரிஸ்தோ.

சாப்பாட்டு அறை வாசலில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டிருந்தார். தெல்ஃபீனாவின் சக்கர நாற்காலி அங்கேதான் நிற்கும். கொல்லைத் தோட்டம் முழுவதும் அந்தக் குறியிலிருந்து அளந்தது. முன்னால் நிஜ மரங்கள். அவற்றுக்குப் பின்னால் தட்டிகளில் துணி இழுத்துக் கட்டி வண்ணம் தீட்டிய ஊசியிலை மரங்கள், போகப்போகச் சிறிதாகி, கடைசி மரம் முழங்கால் உயரம். குறியில் உட்கார்ந்தால் முடிவில்லாத காடு தெரியும். இரண்டடி நகர்ந்தால் தச்சுப்பட்டறை.

புதன்கிழமை தேங்காய்த் துருவலைத் தூவினார்கள். நிஜமாகவே அழகாக இருந்தது. பத்து மணிக்கு எறும்புகள் பனியின் நடுவே கறுப்பாக ஒரு சாலை போட்டன. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு வான்கோழிகள் மூன்று சுவரேறிக் குதித்து, குளிர்காலத்தைச் சாப்பிட்டு முடித்தன.

“நல்ல ரசிகர்கள். மேடைமேலயே ஏறிட்டாங்க,” என்றார் போன்சியானோ.

கொல்லையின் கடைசியில், தட்டிகளுக்குப் பின்னால் சமையலறை. சோய்லா அதன் சன்னலைப் படக்கென்று சாத்தினாள். அந்த வீட்டில் இருபது வருடமாகச் சமைப்பவள் அவள். வான்கோழி உள்ளே வந்துவிடும் என்று பயந்திருப்பாள் என எவாரிஸ்தோ நினைத்துக்கொண்டார்.

அன்று மதியம் சோள ரொட்டியில் கறுப்பு பீன்ஸ் விழுது அடைத்துப் பொரித்த பனுச்சோக்கள் ஆறுக்கு மூன்றுதான் தட்டில் இருந்தன.

“ஏண்டா, சொல்லிட்டுத் தின்னா என்ன?”

“நானா? நான் ஒண்ணுதான் தின்னேன்!”

“ஆமா, மிச்ச ரெண்டையும் வான்கோழி வந்து வாங்கிட்டுப் போச்சு.”

வியாழக்கிழமை போன்சியானோ கோபத்தோடு இரண்டு மூட்டை இலவம்பஞ்சு கொண்டுவந்தார். மரங்களில் பசைத்தண்ணீர் தெளித்து, பெரிய மின்விசிறியை ஓடவிட்டார்கள். பஞ்சு கிளைகளிலும் தட்டிகளிலும் ஒட்டியது. இருவருடைய புருவங்களிலும் ஒட்டியது. இருவரும் மாறி மாறி இருபது தும்மல் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே குளிர்காலம் நின்றது. கொஞ்ச நேரம் யாரும் யாரையும் திட்டவில்லை.

தொப்பென்று ஒரு மாம்பழம் பனியில் விழுந்தது. நல்ல மஞ்சள்.

போன்சியானோ சுத்தியலைக் கீழே போட்டார். “மேடையில மஞ்சள்! நாடகக்காரங்களுக்கு ஆகாத நிறம்டா அது! நான் வீட்டுக்குப் போறேன்.”

“இது கொல்லைடா.”

“மஞ்சள் கையுறை போட்டு வந்தானே ஒருத்தன், மூணாவது காட்சியில மேடைக்கு முன்னால இருக்கற வாத்தியக்காரங்க பள்ளத்துல விழுந்து காலை ஒடைச்சுக்கலையா? தெல்ஃபீனா இடுப்பு ஒடிஞ்சது போதாதா? மரத்தை வெட்டு, இல்லைன்னா ஆளை விடு.”

மாமரம் தெல்ஃபீனா கல்யாணமான வருடம் நட்டது. வெட்டுவது நடக்காது. மஞ்சளைப் பொறுத்தவரை எவாரிஸ்தோவுக்கும் உள்ளுக்குள் பயம்தான். வெள்ளிக்கிழமை முழுவதும் இரண்டு கிழவர்களும் ஏணியில் ஏறி, நூற்றுப் பதினான்கு மாம்பழங்களுக்கும் வெள்ளைக் காலுறை மாட்டினார்கள். வீட்டுக் காலுறைகள் தீர்ந்து, அரங்கின் பழைய பெட்டிகளிலிருந்தும் எடுத்துவந்தார்கள். குறியிலிருந்து பார்த்தால் கிளைகளில் பனிக்கட்டி தொங்கியது. கிட்டே போனால், மரத்துக்குள் ஐந்து கால்பந்து அணிகள் ஒளிந்திருப்பதுபோல இருந்தது.

பனுச்சோ மட்டும் தினமும் குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமை போன்சியானோ தன் வாயைத் திறந்து காட்டிச் சத்தியம் செய்தார்.

ஞாயிறு மாலை ஐந்தரை. எவாரிஸ்தோ தன் திருமணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று குறியில் உட்கார்ந்து, “திரையை விலக்கு,” என்றார்.

சாப்பாட்டு அறை வாசலில் கட்டியிருந்த திரையைப் போன்சியானோ விலக்கினார்.

இத்தனை நாளும் எல்லாவற்றையும் காலையிலேயே அளந்திருந்தார்கள். சூரியன் சாயங்காலம் எங்கே இறங்குகிறது என்று இருவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. மேடைக்கு ஏது சூரியன்? அது இப்போது தட்டிகளுக்கு நேர்பின்னால் நின்று, வண்ணத் துணியை ஊடுருவி அடித்தது. காடு காணாமல் போனது. முட்டுக்கொடுத்த கட்டைகள், கயிறு, பஞ்சு மூட்டை, போன்சியானோ காயப்போட்ட சட்டை எல்லாம் நிழலாகத் தெளிந்து நின்றன. பசை இளகி, பஞ்சு பாளம்பாளமாக உரிந்து விழுந்தது.

“முன்னால ரெண்டு விளக்கு வெச்சா?” என்றார் போன்சியானோ மெதுவாக.

“சூரியனுக்கு எதிரேயா?” எவாரிஸ்தோ கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். “இப்பவும் அவளுக்கு முதுகுப்பக்கம்தான் காட்டப்போறேன். வேணாம்டா. எல்லாத்தையும் பிரிச்சுடு. ஆட்டம் ரத்துன்னு நானே போய்ச் சொல்றேன்.”

போன்சியானோ சுத்தியலை எடுத்தார். அடிக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமரத்தையே பார்த்தார்.

“பிரிக்காதீங்க ஐயா!”

தட்டிகளுக்கு நடுவே புகுந்து சோய்லா வந்தாள். கையில் காலித் தட்டு.

“அம்மா திட்டுவாங்க. சொல்லவே கூடாதுன்னாங்க. புதன்கிழமையிலேருந்து கைத்தடியை ஊணிக்கிட்டு, தாழ்வாரம் வழியாத் தானே நடந்து வந்து, சமையக்கட்டு சன்னல்லதான் நிக்கறாங்க. பனுச்சோ தின்னுக்கிட்டே பாக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் திட்டிக்கறதைக் கேட்டு ஒரே சிரிப்பு.”

எவாரிஸ்தோவின் கை கடைசிப் பொத்தானில் நின்றுவிட்டது.

“அப்போ நாடகத்துல நீங்க ஏணிமேல நின்னு பனி கொட்டறப்போ, ஓரத்துல நிக்கற அவங்களைத் தினமும் ஒருதரம் திரும்பிப் பாப்பீங்களாம். அந்தப் பனியைத்தான் கேட்டாங்களாம். முன்பக்கம் யாருக்கு வேணும்னாங்க. இப்பவும் சன்னல்லதான் நிக்கறாங்க ஐயா... அந்தப் பஞ்சு மூட்டையோட கொஞ்சம் ஏணியில ஏறி, இந்தப் பக்கமாத் திரும்பிப் பாக்கறீங்களா?”