ஜெபராஜின் கதவுக்கு நான் பிடித்த ரசமட்டம்

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியரை, நிறுத்தி வைத்திருக்கும் இயந்திரத்தோடு தனியாக விடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்றால் பரவாயில்லை. சத்தத்துக்குப் பயந்து தள்ளி நின்று அறிவுரை மட்டும் சொல்வார். நின்றுகொண்டிருந்தால் கை வைப்பார். நான் வைத்தேன். என் மைத்துனன் ஜெபராஜின் வாசற்கதவு போயிற்று. கதவு போனதைக்கூடச் சொல்லிச் சிரித்துவிடலாம். அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் உண்மையைச் சொல்லாமல் நின்றேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நடந்து ஐந்து வருடமாகிறது. அப்போது நான் இளைஞன் (அறுபத்தாறு வயதுதான்).

ஜெபராஜ் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. வாடகை வீடுகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு மனை வாங்கினான். மனையின் நட்டநடுவில் ஒரு பலா மரம். மரம் போனால்தான் வீடு. அவன் மனைவி மேரி அதற்குச் சம்மதிக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அந்த மரத்திலேயே வாசற்கதவு செய்ய வேண்டும். மரத்தை வெட்டிப் பார்த்தால் மேல்பாதி முழுக்கப் பொந்து. கதவுக்கு உதவும் கட்டை அடியில் ஏழடி நீளத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தேறியது.

அதை மரவாடிக்குக் கொண்டுபோக அந்தச் சந்துக்குள் லாரி நுழையாது. அதனால் மரவாடியே மனைக்கு வந்தது. அனகாபுத்தூரிலிருந்து அமுதா என்ற பெண், ஒரு குட்டியானை வண்டியின் பின்னால் மர அறுவை இயந்திரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காதில் பென்சில்.

இயந்திரம் பார்க்க எளிமையானது. கீழே தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டங்கள். நடுவில் கட்டையைப் படுக்க வைக்கும் இடம். அதற்குப் பெயரே படுக்கை. மேலே நகரும் தலையில் இரண்டு சக்கரங்கள், அவற்றைச் சுற்றிப் பல் வைத்த நாடா போல ஒரு பிளேடு. எஞ்சினை ஓட்டிவிட்டுத் தலையைத் தள்ளினால், பிளேடு கட்டையைப் படுக்கைவாட்டில் சீவிக்கொண்டே போகும். எளிமையாகத் தெரிகிற எதையும் எனக்குத் தெரியும் என்று நினைப்பது என் நெடுநாள் வியாதி.

அறுக்க ஆரம்பிப்பதற்கு முன் அமுதா ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிளேடு விலகாமல் ஓடுகிறதா என்று பார்த்தாள். பிளேடை விரலால் அமுக்கி முறுக்கு போதுமா என்று பார்த்தாள். பிறகு ஒரு அளவுக் குச்சியை எடுத்து, படுக்கைக்கும் பிளேடுக்கும் நடுவே இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, ஒரு நட்டைக் கால் திருப்பு திருப்பினாள். மறுபடியும் குச்சி. மறுபடியும் நட்டு.

"இவ்வளவு நேரமா என்னம்மா பாக்குற?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரணும் சார். இங்க ஒரு நூலு தப்புச்சின்னா பலகை காட்டிக் குடுத்துரும்."

மதியத்துக்குள் நாலு பக்கமும் சீவி, கட்டையைச் சதுரமாக்கிவிட்டாள். இனி பலகை பலகையாக எடுக்க வேண்டியதுதான். ஜெபராஜ் எஞ்சினுக்குப் பெட்ரோல் வாங்கக் கிளம்பினான். அமுதா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை நிழலுக்குப் புறப்பட்டாள்.

"சார், சாப்ட்டு வந்துர்றேன். மெஷினாண்ட யாரும் போவாம பாத்துக்கோங்க."

"நான் இருக்கேன்மா" என்றேன். பேராபத்துகளுக்கு முன்னால் சொல்லப்படும் வாக்கியம் இதுதான் என்று பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன்.

முதலில் கண்ணில் பட்டது பிளேடுக்கு மேலிருந்த கேன். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தே தலை நரைத்தவன் நான். குழாயை இறுக மூடினேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. சிமெண்ட் மூட்டை மேல் கொத்தனாரின் ரசமட்டம், மட்டம் பார்க்கும் குமிழி வைத்த பட்டை, கிடந்தது. அதை எடுத்துத் தலையின் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்தேன், சும்மா ஒரு பார்வைக்கு. குமிழி நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டது.

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் பொங்கியது. குச்சியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடுபட்டிருக்கிறாள். ஒரு ரசமட்டம் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. திரும்பி வருவதற்குள் சத்தமில்லாமல் சரிசெய்து வைப்போம், நாம் செய்தோம் என்றுகூடச் சொல்ல வேண்டாம் (எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்) என்று ஸ்பானரை எடுத்தேன். அவள் கால் கால் திருப்பாகத் திருப்பிய அதே நட்டை நான் முழு முழுத் திருப்பாகத் திருப்பினேன். குமிழி நடுவுக்கு வந்தது. முப்பது வருடப் பணியில் இப்படி ஒரு மனநிறைவு வந்ததில்லை.

அமுதா வந்ததும் கேனைப் பார்த்தாள். "தண்ணி யாரு சார் மூட்னது? சோப்புத் தண்ணி அது. இல்லாங்காட்டி பலாப்பாலு பிளேடுல ஒட்டிக்கும்."

நான் ஏரியைப் பார்த்தேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அப்படியாகச் சொட்டிப் போயிற்று.

ஒரு பலகை எடுத்ததும் கட்டையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, மறுபக்கத்தில் அடுத்த பலகை எடுத்தாள். அப்படி மாற்றி மாற்றி அறுத்தால் பலகை வளையாதாம். தன் பக்கத்து அளவுகோலைப் பார்த்து அவள் தலையைத் தள்ள, ஜெபராஜ் மஞ்சள் மஞ்சளாக வந்த பலகைகளை வாங்கி அடுக்கினான். ஆறாவது பலகையை வைத்தபோது அடுக்கு சரிந்து அவன் காலடியில் விழுந்தது. கடைசிப் பலகை அது. கட்டை முடிந்துவிட்டது.

ஜெபராஜ் ஒன்றை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"அமுதா, இந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச் இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணேகால்கூட இல்ல."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

அவள் குச்சியை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

"காலைல ஒரே அளவாதான்ணா இருந்துச்சி. நீங்ககூட பாத்தீங்க."

"பாத்தேன். அப்புறம் மெஷின் தானா புரண்டு படுத்துச்சா? இருந்தது ஒரே கட்டை. மேரிகிட்ட நான் என்ன சொல்றது?"

அமுதா நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "லூசாயிருக்கும்ணா. சாப்ட்டு வந்ததும் ஒருவாட்டி பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான்."

அந்த இடத்தில் ஒரு மனிதன் பேசியிருப்பான். நானும் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? "விடு ஜெபா, பாவம். அந்தப் பொண்ணு வேணும்னா பண்ணிச்சு?" என்றேன். என் குற்றத்துக்கு அவளை மன்னித்தேன். அவள் என்னை நன்றியோடு வேறு பார்த்தாள். ஜெபராஜ் மரத்தூள் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான். அவள் நட்டு நட்டாகத் தடவி, எதை மறந்தோம் என்று தேடிக்கொண்டேயிருந்தாள். பத்து நிமிடம்.

நானாகவே முன்வந்து சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. ஸ்டெல்லா டீ பிளாஸ்க்கோடு வந்தாள். வந்தவள் பலகையைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை.

"ஏங்க, வெள்ளைச் சட்டையில என்ன இவ்வளவு கிரீஸு? எங்க போயி கைய வச்சீங்க?"

ஜெபராஜ் தலையைத் தூக்கினான். அமுதா என் சட்டையைப் பார்த்தாள், நட்டைப் பார்த்தாள், மறுபடியும் சட்டையைப் பார்த்தாள்.

"சார், நீங்களா?"

"ரசமட்டம் வச்சுப் பாத்தேம்மா. கொஞ்சம் சாஞ்சிருந்தது. சரி பண்ணிட்டேன்."

அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது நிம்மதி. பெரிய மூச்சு ஒன்றை விட்டுவிட்டு இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"சார், இந்த எடமே ஏரிப் பக்கமா சாஞ்சிகினு கீது. கட்டை உருளாம தடுப்புல சாஞ்சி நிக்கட்டும்னு படுக்கையையும் அப்டியேதான் வுட்டேன். படுக்கை எப்டி கீதோ, பிளேடும் அப்டியே இருக்கணும். நீங்க பிளேட மட்டும் பூமிக்குச் சரி பண்ணிட்டீங்க. கட்டை பூமி மேலயா சார் படுத்துகினு கீது?"

நான் முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்குப் பாடம் நடத்தியவன். முதல் பாடத்திலேயே மாணவர்களை நிறுத்தி வைத்துக் கேட்பேன்: ரயிலில் தூங்குகிறவன் நகர்கிறானா? எதைப் பொறுத்து? இந்த மேசை நேராக இருக்கிறதா? எதைப் பொறுத்து? அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடை எழுதியவர்களுக்கெல்லாம் முட்டை போட்டிருக்கிறேன். செம்பாக்கத்தில் எனக்கு முட்டை போட்டது அமுதா.

"அத்தான், நீங்க ஏன் அப்பவே சொல்லல?" என்று மட்டும் ஜெபராஜ் கேட்டான். அமுதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள். பரவாயில்லை என்ற மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேடு சாய்ந்திருக்கும்போது கட்டையைப் புரட்டிப் புரட்டி அறுத்தால், பலகையில் சாய்வு இரட்டிப்பாகிறது என்பதைப் படத்தோடு நிரூபித்து ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு, அதன் மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

பலகைகளைத் தட்டையாக இழைத்தால் ஒரு இஞ்ச்கூடத் தேறாது, வாசற்கதவுக்கு ஆகாது என்று தச்சர் கைவிரித்துவிட்டார். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த மரத்தில் செய்ய ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது, கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அடியில் செருகும் ஆப்பு, என்றும் சொன்னார். மேரி அதையே செய்யச் சொன்னாள். வாசற்கதவைக் கடையில் வாங்கினார்கள். மேரி கேட்டது பலா மரத்தில் கதவு. கிடைத்தது கதவுக்கு அடியில் பலா மரம். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எது நடந்தாலும் அவள் கையால் ஓர் ஆப்பு போகிறது, மெல்லிய ரிப்பன் கட்டி. "இவரோட அத்தான் கைப்பட அறுத்தது" என்று சொல்லித்தான் கொடுக்கிறாள். கையிருப்பு இன்னும் இருபது வருடத்துக்குத் தாங்குமாம்.

அமுதாவின் கைபேசி எண்ணை நான் கேட்டு வாங்கியதில்லை. என் எண்ணை அவள் ஜெபராஜிடம் வாங்கி வைத்திருக்கிறாள். போன வாரம்கூட, மதியம் ஒரு மணிக்குப் பெருங்களத்தூரிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், நான் அமுதா. மெஷின் செட் பண்ணிட்டேன், சாப்புடப் போறேன். நீங்க இப்ப எங்க கீறீங்க?"

"வீட்டுலதாம்மா, தாம்பரத்துல."

"அங்கியே இருங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.