தானாக மடிவதற்கும் கைகொடுப்பவர்

நம்மிடையே கைகொடுப்பார் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே எரியும் லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்துவார். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவைத் தள்ளுவார். காலி மைதானத்தில் பின்னோக்கி வரும் காருக்கு "வா, வா, லெஃப்ட்டு" என்று கையசைப்பார். கல்யாண நாள் முதல் கறி வைக்கும் மனைவியின் சட்டியில் ஒருமுறை கரண்டியை விட்டுக் கிளறிவிட்டு, ருசி தன்னால் வந்தது என்பார். யாராவது கேட்டார்களா? கேட்டால் வரமாட்டார்.

மலேசியாவில் சாஆ என்ற சிற்றூரில் இந்த இனத்தின் பிரதிநிதி மகேஸ்வரன். அங்கே மண்டபத்தில் பாலிடெக்னிக் மாணவி தேன்மொழி ஒரு ரோபோவைக் காட்ட வந்தாள். பார்த்தால் வெறும் தட்டை அட்டை. மின்சாரம் பாய்ந்ததும் மடிப்புக் கோடுகள் சூடேறி, அவற்றில் ஒட்டிய பிளாஸ்டிக் சுருங்கி, அட்டை தானே மடிந்து நாலு காலில் எழுந்து நடக்கும். யார் கையும் படக்கூடாது. பட்டால் ஜொகூர் பாருவில் (ஊரார் வாயில் ஜேபி) நடக்கும் மாநிலப் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான். அவளிடம் இருந்தவை இரண்டே அட்டைகள். போட்டிக்குத் தேர்ந்தெடுக்க வந்தவர் ஷாமளா டீச்சர்.

முதல் அட்டையின் ஒரு கால் மெல்ல எழுந்தது. மகேஸ்வரனுக்குப் பொறுக்குமா? விரல் நீண்டது.

"அங்கிள், தொடாதீங்க லா. அதுவே மடியும்."

"அதுவே எப்படிம்மா மடியும்? பொம்பளப் புள்ள, தனியா கஷ்டப்படுற. லேசா புடிச்சு விடுறேன்."

கால் பிய்ந்து அவர் கையோடு வந்தது.

"பாத்தியா, வீக்கா செஞ்சிருக்க."

ஷாமளா டீச்சர் பெருமூச்சு விட்டார். "இன்னொன்னு இருக்குல்ல? அத வைம்மா."

தேன்மொழி கடைசி அட்டையை வைத்தாள். விரல் மறுபடி கிளம்பியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், பின்னாடி காலி நாற்காலி எல்லாம் மடிச்சு அடுக்கணும். எப்பவும் பொம்பளைங்கதான் மடிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் ஹெல்ப் பண்றீங்களா?"

விரல் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"காடிய ரோட்டுல பார்க் பண்ணிருக்கேம்மா. போலீஸ்காரன் சம்மன் போட்டுருவான்."

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அட்டை மடிந்து, எழுந்து, தள்ளாடி, மேசை விளிம்புவரை நடந்தது.

"ஜேபிக்குப் போலாம்," என்றார் டீச்சர்.

ஒரு பெண் தன் அறிவால் செய்துவிட்ட வேலைக்குக் கைகொடுக்க ஊரே வரும். அவள் குனிந்து செய்கிற வேலைக்கு ஒருவருக்கும் நேரம் இருக்காது.

போகட்டும். அந்த அட்டைக் கால் எழுந்தபோது, வாசகரே, உங்கள் விரலும் லேசாகத் துடித்ததா? நல்லது. அடுத்த கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள். நாற்காலிகள் இன்னும் தானாக மடியப் பழகவில்லை.