வாய்க்குள் இருந்த சாவி

“இன்னும் மூன்று முறை மட்டுமே” என்றது திரை. சிவப்பு எழுத்தில் சொன்னது.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டவன் எடுப்பதுபோல.

“என்ன மாமா, தொறக்கலையா?”

பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்த என் மச்சான் கேட்டான். மனைவியின் தம்பி. ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலையில் சேர்வதற்கு நடுவே ரெண்டு நாள் தங்க வந்தவன். எந்த ரெண்டு நாள் என்று வந்தபோது சொல்லவில்லை. நான் முக்காலியில் இருந்தேன்.

“தொறக்கும். கொஞ்சம் சும்மா இரு மாப்ள.”

“அக்கா! லேப்டாப் தொறக்கலையாம்!”

உள்ளறையில் இஸ்திரிப் பெட்டி வைக்கப்படும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் மனைவி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அன்று மதியம் பள்ளி விழா. பிள்ளைகள் நடித்த நாடகத்தைப் படம்பிடித்து இந்த லேப்டாப்பில்தான் வைத்திருந்தாள். நாடகத்தின் கடைசியில் சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி முன்னால் வந்து தன் பெயரைத் தானே சொல்வாள். குரலெடுத்துச் சொல்வாள். அதற்கு முன் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை, வெட்கம். அவளுடைய அம்மாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. அன்று ஒரு பகல்தான் கரையில் இருப்பாள். படத்தைப் பார்த்துவிட்டு நேராகத் துறைமுகத்துக்குப் போகவேண்டும்.

மனைவி வந்தாள். ஒலிபெருக்கியின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. பாஸ்வேர்டுல ஒரு சின்ன சந்தேகம்.”

“கேமராவுல இருக்கறத அழிக்காதீங்கன்னு சொன்னேன்.”

“பிரதி எத்தன இருக்கோ, திருடனுக்கு அத்தன வாசல்னு பயிற்சியில சொன்னாங்க.”

“பென்டிரைவையும் அழிச்சிட்டீங்க.”

“அதுவும் ஒரு வாசல்.”

“இப்ப ஒரே வாசல். அதுக்கு வெளிய நீங்க நிக்கறீங்க.”

அவள் வயரைச் சுற்றி முடித்தாள்.

அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் மோட்டார் பம்ப் கம்பெனி, கணக்குப் பிரிவு ஆட்களுக்குக் கணினிப் பாதுகாப்பு குறித்து அரை நாள் பயிற்சி கொடுத்தது. சான்றிதழும் கொடுத்தது. வீடு திரும்பும்போதே தீர்மானித்துவிட்டேன். இனி இந்தக் குடும்பத்தின் தகவல்களைக் காக்கும் பொறுப்பு என்னுடையது. இந்த வீட்டில் எனக்கென்று வேறு பொறுப்பு எதுவும் மிச்சமில்லை என்பதும் ஒரு காரணம்.

முதல் வேலையாக மேசையை இடம் மாற்றினேன். முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு வைத்த கோப்பை அலமாரி. முகத்துக்கு நேரே சமையலறை வாசல். யாரும் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்க முடியாது. பிறகு மனைவியின் பழைய கடவுச்சொல்லைக் கேட்டேன். நான்கு எண்கள் சொன்னாள். சிரித்தேன்.

“இத ஒரு மெஷின் நீ தும்மி முடிக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிடும். நீளம்தான் பலம். ஒரு எழுத்து கூடினா திருடனுக்கு ஒரு நாள் கூடறதில்ல. கண்டுபிடிக்க ஆகற காலமே பல மடங்கு பெருகும். அதனால சொல்லு வேண்டாம். ஒரு முழு வாக்கியமா வைக்கணும்.”

“உள்ள இருக்கறது பிள்ளைங்க நாடகங்க.”

“எதுவா இருந்தாலும் குறியாக்கம் பண்ணிடுவேன். இருநூத்தம்பத்தாறு பிட் சாவி. அந்தச் சாவி இல்லாம பாத்தா உன் நாடகம் வெறும் தூசி. அந்தச் சாவிய வச்சிருக்கற பெட்டியத்தான் நம்ம பாஸ்வேர்டு தொறக்கும். பெட்டி எவ்வளவு உறுதியா இருந்தாலும் பாஸ்வேர்டு சின்னதா இருந்தா, பூட்டிட்டு வாசல்லயே சாவிய மாட்டிட்டுப் போற மாதிரி.”

அத்தோடு விட்டிருக்கலாம். பத்து முறை தவறினால் சாவியையே அழித்துவிடு என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்காமலே அதையும் தேர்ந்தெடுத்தேன்.

ஏழு முறை தவறியாகிவிட்டது.

“என்ன வாக்கியம் வச்சீங்க?” மனைவி கேட்டாள்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் ஆர்வமாகக் காலை மடக்கி எழுந்து மேசையைச் சுற்றி வந்தான்.

“சொல்லுங்க மாமா. மூணு பேரும் சேர்ந்து யோசிச்சா வந்துடும்.”

“ரகசியம்.”

“நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?”

எப்படிச் சொல்வது? அந்த வாக்கியம் இப்படித் தொடங்கியது: ‘மச்சான் வந்தால் எனக்கு உட்கார நாற்காலி இல்லை.’ மறக்கவே முடியாத வாக்கியமாக இருக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அன்றாடம் அனுபவித்ததை எடுத்துக்கொண்டேன். மறுநாள் குளித்துவிட்டுப் பார்த்தால் என் துண்டு அவன் தோளில் இருந்தது. ‘துடைக்கத் துண்டும் இல்லை’ என்று சேர்த்தேன். பாதுகாப்பு கூடியது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு கோபத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். என்ன கோபம் என்று ஞாபகமில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் கோபம் போய்விட்டது. போகும்போது வார்த்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தலையணை இல்லை, செய்தித்தாள் இல்லை, சோப்பு இல்லை என்று அவன் எடுத்துக்கொண்டதையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

“மாமா, அந்த பெரிய சாவி இருக்குல்ல, அதையே ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா?”

“உலகத்துல இருக்கற எல்லா கம்ப்யூட்டரும் சேர்ந்து தட்டினாலும் சூரியன் அணைஞ்சு போற வரைக்கும் ஆகும் மாப்ள.”

“பள்ளிக்கூட வேன் இப்ப வந்துடுமே.”

மனைவி வயரை மேசைமேல் வைத்தாள். மேசைக்கு எதிரே, சமையலறை வாசலில் போய் நின்றாள். அங்கே நின்று என்னையே பார்த்தாள். வகுப்பில் விடை தெரியாமல் விழிக்கும் பையனைப் பார்க்கும் பார்வை.

‘படுக்கப் பாயும் இல்லை’ என்று முடித்துத் தட்டினேன்.

இன்னும் இரண்டு முறை மட்டுமே.

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தால் எதிரே மனைவியின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. மச்சான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி மெதுவாக, ஒவ்வொரு அசையாக உதட்டை அசைத்தாள். திட்டுகிறாளா, பிரார்த்தனை செய்கிறாளா என்று புரியவில்லை. கடைசியில் ‘மேல்’ என்பது மட்டும் பிடிபட்டது.

மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மச்சானின் தலைக்கு நேராக.

ஆமாம்! மின்விசிறிக்குக் கீழே இருந்த என் இடம்!

‘மேலே காற்றும் இல்லை’ என்று வேகமாகத் தட்டினேன்.

இன்னும் ஒரு முறை மட்டுமே. தவறினால் சாவி நிரந்தரமாக அழிக்கப்படும்.

மனைவி கண்ணை மூடித் திறந்தாள். வெளியே வேனின் ஹாரன் கேட்டது.

“மாமா, தொடாதீங்க” என்றான் மச்சான். அவன் குரலில் முதல்முறையாகச் சோம்பல் இல்லை. “அந்தப் பொண்ணோட அம்மா வந்திருப்பாங்களா அக்கா?”

“காலைலயே வந்துட்டாங்க. முன் வரிசைல உக்காந்திருக்காங்களாம்.”

நான் எழுந்துவிட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது, உங்கள் பெண்ணின் குரலை நான் மிகப் பாதுகாப்பாக வைத்துவிட்டேன் என்று?

“நீ போய் வேன்காரரை நிக்கச் சொல்லு” என்றாள் தம்பியிடம். “அப்படியே ஒலிபெருக்கியையும் தூக்கிட்டுப் போ.”

அவன் போனான். அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும்போது பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை எனக்குக் காலால் நகர்த்திவிட்டாள்.

“என்ன பண்ற? ஒரே ஒரு தடவதான் இருக்கு!”

“தெரியும்.”

“வேண்டாம்மா. யோசிச்சுப் பாப்போம்.”

அவள் தட்டத் தொடங்கினாள். திரையில் கறுப்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறுத்தாமல் தட்டினாள். நாற்காலி வந்திருக்கும், துண்டு வந்திருக்கும் என்று நான் எண்ணிய இடத்தைத் தாண்டியும் புள்ளிகள் ஓடின. வாய் மட்டும் அசையவே இல்லை.

திறந்தது.

அவள் படத்தைக் கடைசிக்குத் தள்ளினாள். மாடிப்படி போட்ட மேடையில் ஒரு சிறுமி முன்னால் வந்தாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். கரகரத்த, உருண்டு புரண்ட ஒரு குரலில் தன் பெயரைச் சொன்னாள். மனைவி படத்தை நிறுத்தி லேப்டாப்பை மூடினாள்.

“‘அக்கா அவனுக்கும் மேல்’” என்றாள் என்னிடம். “அத விட்டுட்டீங்க.”

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. துண்டைப் பற்றி இவளிடம் முறையிட்டேன். இவள் சிரித்தாள்.

“யாரு சொன்னா உனக்கு?”

“நீங்கதான். இங்க உக்காந்து தட்டினப்ப நான் எதிர்ல காய் நறுக்கிட்டிருந்தேன்.”

“நான் வாயே தொறக்கல. ஒரு சத்தம் வரல.”

“சத்தம் வந்தாத்தான் புரியும்னா, எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல என்னங்க வேலை? ஒவ்வொரு எழுத்துக்கும் உங்க உதடு அசையுது.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்னது கொஞ்சம். வாய்க்குள் சொன்னதுதான் அதிகம். சாப்பிடும்போது, வரவு செலவு பேசும்போது, அவள் அப்பா போனில் அறிவுரை சொல்லும்போது.

“எல்லாமேவா?”

“முதல் தடவ எங்க வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டறப்ப என்னப் பாத்து ஒண்ணு சொன்னீங்களே, அதுலேர்ந்து.”

“என்ன சொன்னேன்?”

“‘பரவால்ல’ன்னு சொன்னீங்க.”

மச்சான் மூச்சிரைக்க வந்தான். “தொறந்துடுச்சா? சூப்பர்! பாஸ்வேர்டு என்னக்கா?”

“நம்ம ரெண்டு பேர் மேலயும் உங்க மாமா வச்சிருக்கற பாசம்” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வேனுக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். சிட்டுவின் அம்மா அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி மறுபடி போடச் சொன்னாளாம். துறைமுகத்துக்கு மச்சான்தான் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ வாங்கிய ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், கப்பல் ஏணியை எடுப்பதற்குள் விட்டானாம். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்குள்ளும் சொல்லவில்லை.

ஆனால் கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்த பிறகு அது கடவுச்சொல் இல்லை. இன்னும் நீளமாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். திரையை யார் பார்த்தால் என்ன, வெறும் புள்ளிகள்தானே. அதனால் முக்காலியை மேசைக்கு அந்தப் பக்கம் போட்டு, லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். இப்போது சமையலறைக்கு என் முதுகு. முகத்துக்கு நேரே கோப்பை அலமாரி.

மனைவி காய் நறுக்கும் பலகையோடு வந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணியால் அலமாரியின் கண்ணாடிக் கதவை மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்தாள். பிறகு எனக்குப் பின்னால் போய், தன் இடத்தில் உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினாள்.

நான் முதல் எழுத்தைத் தட்டினேன்.